நம் வீட்டு வைஃபையில் வேறு யாராவது இருக்கிறார்களா?

நெட் மெதுவாக ஓடினால் பலருக்கும் முதலில் சந்தேகம் வருவது பக்கத்து வீட்டுக்காரர் மேல்தான். சில நேரம் அது சரியாக இருக்கும், பல நேரம் தப்பாக இருக்கும். எப்படி இருந்தாலும் இதை யூகத்தில் விட வேண்டியதில்லை, ஏனென்றால் இந்த நிமிடம் நம் வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ரவுட்டரே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அதைப் பார்ப்பது எப்படி, வேண்டாதவரை வெளியேற்றுவது எப்படி, எல்லாரும் தேடுகிற அந்த 'பிளாக்' பட்டன் மட்டும் ஏன் போதாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்காக எழுதவில்லை. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ அப்பாவும் அம்மாவும் மட்டும் வீட்டில் இருக்க, பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு சிசிடிவியில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் டெல்டாவில் ஏராளம். அவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். எங்கள் பக்கத்துப் பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே பொதுச்சுவர்தான். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று வீடு பின்பக்கமாக நீண்டுகொண்டே போகும். ஃபைபர் கேபிள் தெருக் கம்பத்திலிருந்து வருவதால், இணைப்புக் கொடுக்க வருகிறவர் அது நுழைகிற இடத்திலேயே, அதாவது ரேழியிலோ வாசல் அறையிலோ ரவுட்டர் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். சுவரோ சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய கனத்த சுவர். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு ஊடுருவும், வேகமான 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை அப்படி இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் பலவீனமாகிவிடும். கடைசியில் பார்த்தால் சமையலறையில் அம்மாவுக்கு வீடியோ கால் விட்டு விட்டு வருகிறது, வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு நிற்பவருக்கோ சிக்னல் முழுசாகக் கிடைக்கிறது. கேபிளை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பெட்டியைக் கூடத்தில் வைக்கச் சொல்வது பெரிய செலவு இல்லை. அதனால் திருட்டு நின்றுவிடும் என்று சொல்லமாட்டேன், ஆனால் தெருவுக்குப் போகிற சிக்னல் நம் வீட்டுக்குள் இருக்கும்.

அடுத்தது பாஸ்வேர்டு. இணைப்புக் கொடுக்க வருகிறவர் "என்ன பாஸ்வேர்டு வைக்கட்டும் சார்?" என்று கேட்பார், நாமும் மறக்காமல் இருக்கட்டும் என்று செல்போன் நம்பரையே சொல்லிவிடுவோம். அப்புறம் அது ஊர் சுற்ற ஆரம்பிக்கும். பொங்கலுக்கு வந்த உறவினர்கள், கல்யாணத்துக்கு வந்து தங்கியவர்கள், மாடிப் போர்ஷனில் குடியிருந்து காலி செய்துவிட்டுப் போனவர், கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக நாமே மனமுவந்து கொடுத்த எதிர்வீட்டுப் பையன். ஒரு தடவை கொடுத்தால் அந்த போன் அதை மறப்பதே இல்லை, அடுத்த முறை அந்தத் தெருவில் நடந்து போனாலே தானாகச் சேர்ந்துகொள்ளும். ஆண்ட்ராய்டு போன்களில் சேமித்த வைஃபையை க்யூஆர் படமாக இன்னொருவருக்குக் காட்டும் வசதி 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலே இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குள் இருப்பது நம் பாஸ்வேர்டுதான், ஒளித்துவைக்காமல் அப்படியே இருக்கும். அதனால் நாம் ஒருவருக்குக் கொடுத்தது நாலு பேருக்குப் போக யாரும் கெட்ட எண்ணத்தோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஹேக்கர் என்று ஒருவரைக் கற்பனை செய்து பயப்படுகிறோம், நிஜத்தில் பெரும்பாலான வீடுகளில் இது நம் கையாலேயே வெளியே போனது.

போன் நம்பரைப் பாஸ்வேர்டாக வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2004 முதல் புழக்கத்தில் இருக்கும் டபிள்யூபிஏ2 பாதுகாப்பில், ஒரு போன் ரவுட்டரோடு சேரும்போது இரண்டுக்கும் நடுவே சில செய்திகள் பரிமாறப்படும். அதைப் பக்கத்திலிருந்து யாராவது பிடித்துக்கொண்டால், வீட்டுக்குப் போய்த் தன் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்க முடியும், நம் ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. இந்திய செல்போன் எண்கள் 6, 7, 8, 9 என்றுதான் தொடங்கும், மொத்தம் பத்து இலக்கம், ஆக அதிகபட்சம் 400 கோடி சாத்தியங்கள். கேட்கப் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் நல்ல கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் போட்டுப் பார்க்கும், அந்த வேகத்தில் எல்லாவற்றையும் முடிக்க ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது. அவ்வளவு தூரம் போவானேன், நம் தெருவில் நம் நம்பர் தெரியாதவர்கள் எத்தனை பேர்?

சரி, ஒருவர் சும்மா யூடியூப் பார்த்துவிட்டுப் போனால் நமக்கு என்ன நஷ்டம்? வேகம்தான் முதலில் கண்ணில் படும். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும், ஏறக்குறைய நாம் முறை வைத்து வயலுக்குத் தண்ணீர் விடுவது போலத்தான். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று என்னவென்றால், சிக்னல் மெலிந்த இடத்தில் நிற்கும் கருவி மெதுவாகத்தான் பேசும், அதனால் அதே அளவு டேட்டாவுக்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம். கடைமடை வயல் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வீடு தள்ளி ஒரு மூலையில் உட்கார்ந்து நம் வைஃபையில் படம் பார்க்கும் ஒரு போன், நம் கூடத்தில் இருக்கும் நாலு போன்களைவிட அதிக நேரத்தைத் தின்றுவிடலாம்.

வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நம் வைஃபைக்குள் வந்துவிட்டவர் நம் வீட்டுக் கருவிகளோடு ஒரே வலையில் இருக்கிறார். சிசிடிவி பாஸ்வேர்டு வாங்கியபோது இருந்ததே இன்னும் இருந்தால் அதைத் திறந்து பார்க்கலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தால் அந்தப் பக்கத்துக்கே போய், நாம் வங்கி முகவரியைத் தட்டும்போது வேறு எங்கோ திருப்பிவிடும்படி அமைப்பை மாற்றலாம். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, பெயர். நம் இணைப்பிலிருந்து யார் எதை அனுப்பினாலும் வெளியே தெரிவது நம் இணைப்பின் ஐபி முகவரிதான், அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அது நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் இணைப்பிலிருந்து வந்ததாகத் தெரிந்ததும் போலீஸ் அவர் வீட்டுக்குத்தான் முதலில் போனது, அவருடைய கணினிகளைக் கைப்பற்றி விசாரித்தது. அவர் வைஃபை சரியாகப் பூட்டப்படாமல் இருந்ததுதான் காரணம். அடுத்தவர் நெட்வொர்க்கில் அனுமதி இல்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவின் கீழ் வருகிறது, கெட்ட நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஆனால் அந்த நிலைக்குப் போகும்போது முதல் கேள்வி நம்மிடம்தான் வரும்.

இப்போது கண்டுபிடிக்கும் வேலை. ரவுட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, வைஃபையில் ஓடுகிற நம் வீட்டுக் கருவிகளை எழுதுங்கள். போன்கள், டிவி, லேப்டாப், டேப்லெட், சிசிடிவி கேமரா, செட்டாப் பாக்ஸ், ஸ்மார்ட் பல்பு, பிரிண்டர். இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகப் பட்டியலைப் பார்ப்பவர்கள்தான் வீணாகப் பதறுகிறார்கள். நம் பக்கத்தில் பம்ப்செட்டை போனிலிருந்தே போடுகிற மொபைல் ஸ்டார்டர் பலரிடம் இருக்கிறது, அது பெரும்பாலும் சிம் கார்டில் இயங்குவது, அதனால் இந்தக் கணக்கில் வராது. கேபிள் செருகிய சிசிடிவி டிவிஆர், அதாவது பதிவுப் பெட்டி, வைஃபை பட்டியலில் வராது, ஆனால் எல்லாக் கருவிகளும் உள்ள பட்டியலில் வரும்.

அப்புறம் வைஃபையில் இருக்கும் போனில் அந்த இணைப்பின் விவரத்தைத் திறந்தால் 'கேட்வே' என்றோ, ஐபோனில் 'ரவுட்டர்' என்றோ ஒரு எண் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1. அதைப் பிரௌசரில் தட்டினால் ரவுட்டரின் பக்கம் வரும். 'பாதுகாப்பற்றது' என்று பிரௌசர் எச்சரிக்கலாம், நாம் போவது நம் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே என்பதால் இந்த ஒரு இடத்தில் மட்டும் அதைத் தாண்டிப் போகலாம். உள்ளே நுழையப் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அது வேலை செய்யவில்லை என்றால் இணைப்புக் கொடுத்தவரிடமோ வாடிக்கையாளர் சேவையிலோ கேளுங்கள். தயவுசெய்து பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்யாதீர்கள். பல ஃபைபர் பெட்டிகளில் அது நிறுவனம் போட்டுவைத்த அமைப்பையும் சேர்த்து அழித்துவிடும், ஆள் வந்து சரி செய்யும் வரை நெட்டே இருக்காது.

உள்ளே போனதும் 'கனெக்டட் டிவைசஸ்', 'கிளையண்ட் லிஸ்ட்', 'டிஹெச்சிபி லிஸ்ட்' என்று ஏதாவது ஒரு பெயரில் பட்டியல் இருக்கும். ரவுட்டர் பக்கம் குழப்பமாக இருந்தால் ஃபிங் என்ற ஆப் இதே பட்டியலைக் கொஞ்சம் தெளிவாகக் காட்டும், டிபி-லிங்க் ரவுட்டர் வைத்திருப்பவர்கள் டெதர் ஆப்பிலேயே பார்க்கலாம். ஒவ்வொரு வரியிலும் இரண்டு முகவரி இருக்கும். ஐபி முகவரி என்பது ரவுட்டர் அந்தக் கருவிக்குத் தற்காலிகமாகக் கொடுத்த எண், நாளைக்கு மாறலாம். மேக் அட்ரஸ் என்பது கருவியின் வைஃபை சிப்புக்குத் தயாரிப்பாளர் கொடுத்த அடையாளம். 0 முதல் 9 வரையான எண்களும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் கலந்து மொத்தம் 12 இடங்கள். முதல் ஆறும் தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும், அதை வைத்துத்தான் பட்டியலில் 'சாம்சங்', 'ஷாவ்மி' என்றெல்லாம் பெயர் வருகிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். 'எஸ்பிரெசிஃப்' என்று ஒரு பெயர் இருந்தால் வெளிநாட்டு ஹேக்கர் என்று நினைத்துவிடாதீர்கள், அது ஷாங்காயில் உள்ள சிப் நிறுவனம், நம் ஸ்மார்ட் பல்புக்கும் பிளக்குக்கும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அவர்களுடைய சிப்தான். 'ஹான் ஹாய்' என்றால் நமக்குத் தெரிந்த ஃபாக்ஸ்கான், லேப்டாப்பிலோ டிவியிலோ அவர்களுடைய வைஃபை பாகம் இருக்கலாம். டிஹெச்சிபி பட்டியலில் இருப்பவை எல்லாம் இப்போது இணைந்திருப்பவை என்றும் சொல்ல முடியாது, ரவுட்டர் கொடுத்த எண்ணின் கெடு முடியும் வரை, பல ரவுட்டர்களில் அது ஒரு நாள், போன கருவியின் பெயரும் அங்கேயே இருக்கும். காலையில் வந்துவிட்டுப் போன மாமாவின் போனாகவும் இருக்கலாம்.

அதைவிடக் குழப்புவது போன்கள் இப்போது போடும் மாற்று முகவரி. தனியுரிமைக்காக ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் தங்கள் உண்மையான மேக் அட்ரஸைக் காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை முகவரியைக் காட்டுகின்றன. அதனால் நிறுவனப் பெயர் வராமல் 'அன்நோன்' என்று வரும், ஒரே போன் இரண்டு வரியில்கூட வரலாம். மேக் அட்ரஸின் இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது இப்படி உருவாக்கிய முகவரி. நம் வீட்டு போனின் முகவரியை அந்த வைஃபையின் விவரப் பக்கத்திலேயே பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இத்தனையும் சிரமமாக இருந்தால் நேரான வழி ஒன்று உண்டு, நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். வீட்டுக் கருவிகளில் ஒவ்வொன்றாக வைஃபையை அணைத்துக்கொண்டே வாருங்கள், பட்டியலைப் புதுப்பித்து எந்த வரி மறைகிறது என்று பார்த்துத் தாளில் டிக் செய்யுங்கள் (போன கருவியின் பெயரும் தங்கிவிடும் டிஹெச்சிபி பட்டியல் இதற்கு உதவாது). கடைசியில் நம் கையில் ஒரு போனைத் தவிர எல்லாம் அணைந்த பிறகும் பட்டியலில் யாராவது டேட்டா பயன்படுத்திக்கொண்டிருந்தால் அவர் நம் வீட்டுக்காரர் இல்லை. ரவுட்டர் விளக்கு சிமிட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், நாம் தூங்கும்போதும் கேமராவும் டிவியும் பேசிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் யாரும் தொடாமல் டிவியில் திடீரென்று ஒரு யூடியூப் வீடியோ ஓட ஆரம்பித்தால் உடனே பட்டியலைப் பாருங்கள், அதே வைஃபையில் இருக்கும் எந்த போனிலிருந்தும் அப்படி அனுப்ப முடியும்.

கண்டுபிடித்துவிட்டோம், இப்போது வெளியேற்ற வேண்டும். பட்டியலில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே 'பிளாக்' இருக்கும், அல்லது 'மேக் ஃபில்டர்' என்று தனிப் பக்கம் இருக்கும். அழுத்தலாம், அந்த நேரத்துக்கு வேலை செய்யும். ஆனால் ரவுட்டர் தடுப்பது ஆளையோ போனையோ இல்லை, அந்த 12 இட முகவரியை மட்டும்தான். போனில் மாற்று முகவரி வசதியை ஒரு தட்டு தட்டினால் முகவரி மாறிவிடும், கையில் பாஸ்வேர்டு இருப்பதால் திரும்ப உள்ளே வந்துவிடுவார். சரி, நம் வீட்டுக் கருவிகளை மட்டும் அனுமதிக்கும்படி வைத்தால்? வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் நாம் ரவுட்டரைத் திறக்க வேண்டியிருக்கும், அதோடு அனுமதித்த முகவரிகள் காற்றில் மறைக்கப்படாமல்தான் போகும் என்பதால் விவரம் தெரிந்தவர் அதைக் காப்பி அடிக்கவும் முடியும். வைஃபை பெயரை மறைத்து வைப்பதையும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள், எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. தேடுகிறவருக்கு அது தெரிந்துவிடும், நம் போன்கள்தான் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு திரியும்.

ஆகவே உண்மையான தடை பாஸ்வேர்டை மாற்றுவதுதான். மாற்றிய நொடியில் எல்லாரும் வெளியே, புதியது தெரிந்தவர் மட்டும் உள்ளே. இதைப் பாதியாகச் செய்துவிட்டு "மாத்திட்டேன், ஆனா இன்னும் வர்றாங்க" என்கிறவர்கள் நிறைய, பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். நம் பெட்டியில் 2.4-க்கு ஒரு வைஃபை, 5-க்கு ஒரு வைஃபை என்று இரண்டு இருக்கும், பல ரவுட்டர்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு. ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய பாஸ்வேர்டு இன்னொன்றில் உயிரோடு இருக்கும். மாடிக்குச் சிக்னலை நீட்டிக்கும் ரிப்பீட்டர் போட்டிருந்தால் அதிலும் பழைய பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும், அதையும் பாருங்கள்.

குறைந்தபட்சம் 8 எழுத்து, அதிகபட்சம் 63 வரை வைக்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள், முருங்கை, கொலுசு, ரயில், புதன் என்கிற மாதிரி, நடுவில் ஒரு எண்ணும் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் சொல்ல வரும், கம்ப்யூட்டருக்கும் லேசில் சிக்காது. ஊர்ப் பெயர், குலதெய்வம், பேரன் பிறந்த தேதி இதெல்லாம் தெருவுக்கே தெரிந்தவை, வேண்டாம். அதே பக்கத்தில் பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா பாருங்கள், பழைய கேமரா டபிள்யூபிஏ3-இல் சேரவில்லை என்றால் இரண்டும் கலந்த வகையை எடுங்கள். டபிள்யூஈபி என்று இருந்தால் உடனே மாற்றுங்கள், அது 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. பாஸ்வேர்டு தட்டாமல் ஒரு பட்டனாலோ பின் எண்ணாலோ சேரவிடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-இல் வெளியானது. அட்மின் பாஸ்வேர்டையும் கையோடு மாற்றிவிடுங்கள், அது வைஃபை பாஸ்வேர்டாகவே இருக்கக் கூடாது.

பாஸ்வேர்டு மாறினால் வைஃபை கேமராவும் டிவியும்கூட வெளியே போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கேமரா திடீரென்று இருண்டதைப் பார்த்துப் பதறுவார், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கேமராவை ஏணி வைத்துத் தொட ஆள் இருக்கிற பகல் நேரத்தில் செய்யுங்கள்.

யாருக்கும் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் வைஃபை இல்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் வாய் வராது, மாடியில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுப்பது நல்ல காரியமும்கூட. அதற்குத்தான் 'கெஸ்ட் நெட்வொர்க்' இருக்கிறது. பெரும்பாலான ரவுட்டர்களில் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு வைத்து இதைத் திறக்கலாம், அதில் வருபவருக்கு நெட் மட்டும் கிடைக்கும், நம் கேமராவும் பிரிண்டரும் தெரியாதபடி பிரித்து வைக்கும் அமைப்பும் பக்கத்திலேயே இருக்கும். திருவிழா முடிந்ததும் அந்தப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும், நம் வீட்டுக் கருவிகளைத் தொட வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தபின் சில நாள் கழித்துப் பட்டியலை மறுபடி பாருங்கள். அந்நியக் கருவி மீண்டும் இருந்தால் புதுப் பாஸ்வேர்டு வீட்டுக்குள்ளிருந்துதான் போயிருக்கிறது. வீட்டில் யாராவது க்யூஆரைக் காட்டியிருக்கலாம், அல்லது 'இலவச வைஃபை' என்று சொல்லி போனில் சேமித்த பாஸ்வேர்டுகளை எல்லாருக்கும் பகிரும் ஆப் ஏதாவது ஒரு போனில் இருக்கலாம். அந்த ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி மாற்றுங்கள். நம் இணைப்பை வைத்து யாரோ தவறான காரியம் செய்ததாகத் தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தேதியும் நேரமும் தெரியும்படி அந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல வீட்டு ரவுட்டர்களில் மின்சாரம் போனதும் பழைய பதிவுகள் அழிந்துவிடும், அதனால் பாஸ்வேர்டை மாற்றுவதற்கும் ரவுட்டரை அணைத்துப் போடுவதற்கும் முன்பே இதை எடுத்துவிடுங்கள்.